வரிசை பூரா சிவப்புக் குறி

— கடப்பாரையைக் கீழ போடுடா ஒடேரா! இந்தத் தடவை அரிவாளை விரலோட நிறுத்த மாட்டேன்.

— ரெண்டு விரல் போயிடுச்சு முவேனி அக்கா. ரத்தம் நிக்கல. ஒரு துணியாவது குடு.

— பக்கத்து வீட்டு நப்வீரேயோட கைக்குழந்தை நசுங்கிக் கெடக்கு. சுவத்தை இடிக்கும்போது உள்ள யாரு இருக்கான்னு பாத்தியா நீ?

— புல்டோசர்காரனைக் கேளு. நான் தினக்கூலி. கதவுல சிவப்புக் குறி இருந்தா இடிக்கச் சொன்னாங்க.

— குறி எப்படிடா வந்துச்சு? வெள்ளம் வடிஞ்சதும் சர்க்கார் ஆளுங்க ஆத்தோர வீடுங்களை இடிக்கணும்னு மதாரே ஆத்துலேர்ந்து முப்பது மீட்டர் அளந்தாங்க. நானும் கூடவே நின்னேன். நம்ம வரிசை வரைக்கும் அந்தக் கயிறு வரவே இல்ல. மறுநாள் பாத்தா பத்துக் கதவுலயும் சிவப்பு! நீதானே அடிச்சே? காசு குடுத்தா பெத்தவளையே வித்துடுவே!

— நான் இல்லக்கா.

— அப்ப யாரு? உனக்குத் தெரியும். முழிக்கிற முழியே சொல்லுது.

— வேணாம்க்கா. கேக்காதே.

— சந்து முனையில உன்னைக் கொளுத்த டயரும் மண்ணெண்ணெயுமா ஜனங்க நிக்கிறாங்கடா. பேரைச் சொல்லு, தப்பிச்சுடுவே.

— எங்க அம்மாவை வெள்ளத்துலேர்ந்து முதுகுல தூக்கிட்டு வந்த மனுஷன்க்கா. எப்படிச் சொல்லுவேன்?

— தூக்கிட்டு வந்தது எங்க வீட்டுக்காரர்தானே... டேய்!

— அவனை விடு முவேனி. குறியை நான்தான் அடிச்சேன்.

— என்னய்யா உளர்றே முசெம்பி?

— குறி போட்ட வீட்டுக்குப் பத்தாயிரம் ஷில்லிங்னு ரேடியோவுல சொன்னாங்க. மெத்தை, அடுப்பு, புள்ளைங்க புத்தகம், எல்லாத்தையும் ஆறு கொண்டு போயிடுச்சே. நம்ம கதவுல மட்டும் அடிச்சா சந்தேகப்படுவாங்கன்னு வரிசை பூரா அடிச்சேன். பணத்தைக் குடுத்துட்டுத்தான் இடிப்பாங்கன்னு நெனச்சேன்டி. அந்தக் குழந்தை... நானே போய்ச் சொல்லிடறேன்.

— வாயை மூடு! உன்னைக் கொளுத்திட்டா நம்ம மூணு புள்ளைங்களுக்கு யாரு? உள்ள போ. கையில அந்தச் சாயம் இன்னும் இருக்கு பாரு, கழுவு.

— ஏய் முவேனி! சந்து முனையிலேர்ந்து எவ்வளவு நேரம் கத்தறது? அவன் வாயைத் திறந்தானா இல்லையா?

— அக்கா... என்னைப் பாருக்கா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அக்கா!

— வாங்க எல்லாரும்! ஒத்துக்கிட்டான். இந்த ஒடேராதான் அடிச்சானாம்!