சாலம்மாள் மலைக்கு அனுப்பிய அரிசி

இல்லை, அதை மறைத்துவிட்டு என்னால் பேச முடியாது. தலைமை ஏற்றிருக்கும் ஹயாத் பாஷா அவர்களே, நல்லம்பள்ளிப் பெரியோர்களே, வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே! நம்மை விட்டு மறைந்த நர்ஸ் சாலம்மாள் செய்த நன்மைகளை எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். நான் அவர் செய்த தவறைச் சொல்ல வந்திருக்கிறேன்.

மலையில் கேழ்வரகும் சாமையும்தான் உணவு. அதெல்லாம் முரட்டுத் தீனி, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் நம்பினார். நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி. மூன்று முறை கழுவி, கஞ்சி வடித்த சோறு. பால் மறக்கும் வரை அதுவே பத்தியம். தலைவர் அவர்களே, அந்த அரிசி மூட்டைகளை நீங்கள் தர்மமாகக் கொடுத்தீர்கள். நல்ல மனதோடு கொடுத்தீர்கள். யார் மனதில் கெட்டது இருந்தது? ஒருவர் மனதிலும் இல்லை!

பிறந்த மூன்றாம் மாதத்தில் குழந்தைகள் முலையை விட்டன. உடம்பு ஊதியது. அழுதன, சத்தம் வரவில்லை. முப்பத்தேழாம் ஆண்டில் மட்டும் நான்கு குழந்தைகளைப் புதைத்தார்கள். சாமி குத்தம் என்றார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து நான் இந்த ஊருக்கு டாக்டராக வந்தேன். பெரிபெரி என்ற அந்த நோயைப் பற்றிப் பரீட்சையில் எழுதித் தேறியவன் நான். ஆனால் ஆறு மாதமாக ஒரு தாயிடமும் "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்கவில்லை. கேட்க வைத்தவர் மலையிலிருந்து வந்த சென்றாயன். நர்ஸிடம் கேலியாகத்தான் சொன்னார்:

"ஏனுங்க நர்சம்மா, அரிசி வாங்க வராத பழனியம்மா களிதான் தின்னா. அவ புள்ள கத்துற கத்துல மந்தை ஆடே மிரளுது. நெல்லுச் சோறு தின்னவ புள்ளைங்க வாயத் தொறந்தா காத்துதான் வருதுங்க."

சாலம்மாள் சிரிக்கவில்லை. வீடு வீடாகக் கேட்டு எழுதினார். எந்தத் தாய் என்ன தின்றாள், எந்தக் குழந்தை என்ன ஆயிற்று. தாளை என் மேசையில் வைத்தார். சந்தேகத்துக்கு இடமே இல்லை. கருவிலும் முலைப்பாலிலும் போய்ச்சேர வேண்டிய சத்து தவிட்டோடு போயிருந்தது. பிழைத்த குழந்தைகளின் மூளையையும் அது தொட்டிருந்தது.

மறுநாளே மலையேறினார். நானும் போனேன். மாதம்மாளின் மகன் குள்ளனுக்கு அப்போது இரண்டு வயது. பேச்சு இல்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டான். மாதம்மாள் மீண்டும் ஐந்து மாதக் கர்ப்பிணி.

"மாதம்மா, இது சாமி குத்தம் இல்ல. நான் குடுத்த அரிசி."

"நீங்கதானே திங்கச் சொன்னீங்க?"

"நாந்தான்."

"களியே போதும்னு சொன்னேனே. படிச்சவங்க பேச்சாச்சேன்னு தின்னேன்."

"வயித்துல இருக்கறதுக்காவது களி தின்னும்மா. கீரை தின்னு. வயிறு நெறைய தின்னு."

"திங்கறேன். பொறக்கறப்ப நீங்க வராதீங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிரசவத்துக்கு அவர் போகவில்லை. அவள் சொன்ன சொல்லை மதித்தார். பிறந்த பெண்ணுக்கு இப்போது நான்கு வயது. இந்தக் கூட்டத்தில் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவள் அவள்தான். யாரும் அதட்ட வேண்டாம். பக்கத்தில் அவள் அண்ணன் இருக்கிறான். ஏழு வயது. இன்னும் ஒரு சொல் சொல்லவில்லை. இந்த இருவரையும் பார்த்த பிறகுதான் சாலம்மாளைப் புகழ நமக்கு உரிமை உண்டு. ஒருவரை மட்டும் பார்த்துவிட்டுப் புகழ்ந்தால் அது அவருக்குச் செய்யும் மரியாதையா?

அவர் எழுதத் தொடங்கிய தாளை நான் தொடர்வேன். என்னிடம் வரும் ஒவ்வொரு தாயிடமும் முதலில் "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பேன். பதிலைக் கேட்ட பிறகே மருந்து எழுதுவேன். இது உங்கள் முன் நான் கொடுக்கும் வாக்கு.

அன்று மாதம்மாள் கதவைச் சாத்தியதும், "இறங்கிவிடலாம், அம்மா" என்றேன். அடுத்தது காளியன் வீடு. அந்த வீட்டுக் குழந்தை பிழைக்கவில்லை. சாலம்மாள் நடந்துபோய் அந்தக் கதவைத் தட்டினார்.