மடிப்பு விழாத நோட்டு

ஈரக் கையோடு பழைய கடதாசியைத் தொடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அகஸ்ரின் அண்ணை அப்படியானவர் அல்ல. சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகுதான் என் மேசைக்கு வருவார்.

நாங்கள் இருவரும் அமெரிக்காவின் பழைய தேசிய வங்கி நோட்டுகளைச் சேர்க்கிறவர்கள். நூறு வருடங்களுக்கு முன் அங்கே சின்ன ஊர் வங்கிகளும் தங்கள் பெயரிலேயே நோட்டு வெளியிட்டன. எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதில்தான் மதிப்பு. என்னிடமிருந்த ஐந்து டொலர் நோட்டு, அதன் வங்கியில் மிஞ்சிய ஒரே நோட்டு. சேகரிப்பாளர்களின் பட்டியலில் அப்படித்தான் இருந்தது. பக்கத்தில் என் பெயர், யோகமலர். வேறெங்கும் என்னைப் பற்றி யாரும் எதுவும் எழுதியதில்லை.

பங்குனியில் ஒரு பின்னேரம் அண்ணை மோர்னிங்சைட்டில் இருக்கும் தன் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்தார். பக்கத்து நகரமான ஒஷாவாவில் யாரோ வீட்டுச் சாமான்களை விற்றபோது ஒரு பழைய பைபிள் வாங்கினாராம். அதற்குள் இருந்ததை எடுத்துப் பிடித்தார். அதே வங்கி, மை மங்காத அதே ஒப்பம்.

"உம்மடை ராசாத்திக்கு ஒரு தங்கச்சி பிறந்திருக்கிறா, மலர். பட்டியல்காரருக்கு நாளைக்கு எழுதப்போறன்."

"வேறை ஆருக்கும் காட்டினீங்களோ?"

"இல்லையப்பா. உம்மடை முகம் போற போக்கைப் பாக்கத்தானே முதல் இஞ்சை வந்தனான்."

சிரித்தார். அவருக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா; சிரித்தால் மூச்சு இழுக்கும். இழுத்தது. "பம்ப்," என்று வாசலைக் காட்டினார். மூச்சுக்கு அடிக்கிற அந்தப் பம்ப் கொழுவியில் தொங்கிய அவருடைய கோட்டுப் பைக்குள் இருந்தது. எட்டு அடித் தூரம் இருக்கும்.

நோட்டைப் பிடித்திருந்த அவர் கை இறுகத் தொடங்கியது. ஒரு மடிப்பு விழுந்தாலும் மதிப்பு இறங்கிவிடும். ஆகவே முதலில் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தேன். பொருத்தமான உறையைத் தேடினேன். நோட்டை அதற்குள் இட்டு, யன்னல் வெளிச்சத்தில் ஒப்பத்தைப் பார்த்தேன். அறை அமைதியான பிறகு பம்பை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன். பிறகு அம்புலன்சுக்கு அழைத்தேன்.

செத்தவீட்டில் அவருடைய மகள் மெலனி என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல காலம், அன்ரி. அப்பா தனிய இருக்கேல்லை."

அது உண்மை. கடைசிவரை நான் பக்கத்திலேயே இருந்தேன்.

பட்டியலில் இன்னும் ஒன்று என்றுதான் இருக்கிறது. என்னைக் கொலைகாரி என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் என் மேசை லாச்சியைத் திறந்து பாருங்கள். என் இடத்தில் வேறு யாரும் இருந்திருந்தால் அந்த இரண்டாவது நோட்டை எரித்திருப்பார்கள். எனக்கு எதையும் அழிக்க மனம் வராது.