முத்துமாலைக்கு மூச்சு அடங்கும் வரை

குதிரைக்கு இரைப்பை சிறியது. அவ்வளவு பெரிய உடம்பைப் பார்த்துவிட்டு இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீங்களும் நம்பாமல்தான் எழுதிக்கொள்கிறீர்கள், உலகம்மாள் மேடம். பரவாயில்லை. நான் சிரிப்பதை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குதிரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே உள்ளே யாரோ கிச்சுகிச்சு மூட்டுகிற மாதிரி இருக்கும். எதிரே ஒரு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் கிங்ஸ்லி விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பாளையங்கோட்டைக்கு வெளியே வாய்க்கால் கரையை ஒட்டிக் குதிரையேற்றப் பள்ளி ஆரம்பித்தார். நல்ல மனுஷர். ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், நானும் அதையே சொல்கிறேன். ஒரே ஒரு விஷயம், அவரிடம் எதுவும் அதனதன் நேரத்தில் நடக்காது. எங்கள் கல்யாணத்துக்கே, கோயிலில் இருந்தவர்கள் தெரிந்த ஞானப்பாட்டையெல்லாம் பாடி முடித்த பிறகுதான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். மத்தியானச் சோறு அவருக்குச் சாயங்காலம். ஆறிப்போன குழம்பைச் சூடாக்கிச் சூடாக்கியே என் பாதி ஆயுசு போயிற்று. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் அதுகளுக்கும் சூடாக்கியிருப்பேன்.

அப்போதுதான் முத்துமாலை வந்தாள். சாம்பல் நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. நீண்ட தூர ஓட்டப் பந்தயத்துக்குப் பழக்குவதற்காக அவளை வாங்கி வந்தார். தினமும் காலையில் வாய்க்கால் கரையில் ஓட்டுவது அவர் வேலை, தீனி என் வேலை. மேலப்பாளையத்திலிருந்து வரும் கால்நடை மருத்துவர் ஹசன் அலிதான் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஓட்டத்துக்கு முன்னால் ஒரு கை காய்ந்த புல் போதும், கொள்ளு கூடவே கூடாது. ஓடி வந்ததும் சேணத்தை இறக்கி, மூச்சு அடங்குகிற வரை பைய நடத்த வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் ஊறவைத்த கொள்ளும் தவிடும். அவசரப்பட்டால் குடல் முறுக்கிக்கொள்ளும்.

அந்த முதல் வாரத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சொன்ன நேரத்துக்கு நான் லாயத்துக்குப் போனால், சொன்ன நேரத்துக்கு அவள் அங்கே காதை விறைத்துக்கொண்டு நிற்கிறாள். வாளியை வைத்தால் சாப்பிடுகிறாள். சூடாக்க வேண்டியதில்லை. புதிதாக சைக்கிள் கற்றுக்கொண்ட பெண்பிள்ளை மாதிரி நாள் முழுக்கக் காற்றில் போய்க்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவும்போது தானாகச் சிரித்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பாக்கியவதி, "என்னக்கா, இந்த வயசுல விசேஷமா?" என்று கேட்டுவிட்டாள். ஆமாம் என்று சொல்லியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

இப்போது கிங்ஸ்லி செய்ததைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் காலையில் வண்ணார்பேட்டையிலிருந்து வரும்போதே ஒரு சீப்பு ஏத்தன்பழமும் கருப்பட்டி மிட்டாயும் வாங்கி வந்து, எல்லாவற்றையும் அவளுக்கு ஊட்டிவிட்டு, கையோடு சேணம் போட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது முத்துமாலைக்கு உடம்பெல்லாம் வேர்வை. தன் வயிற்றைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு கீழே விழுந்து புரண்டாள். ஹசன் அலி வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஏற்றினார். பொழுது சாயும்போதுதான் எழுந்து நின்றாள். அதுவரை அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னொரு தடவ இப்படி வந்தா தாங்காதும்மா," என்றார் ஹசன் அலி. "இந்தத் தடவ அல்லாஹ் காப்பாத்துனான். சார்ட்ட கண்டிப்பா சொல்லிருங்க."

சொன்னேன். தீனி அறைக்குப் பூட்டும் போட்டேன். அடுத்த வாரமே அவர் சட்டைப் பையில் கருப்பட்டி வாசம் அடித்தது.

"ஏங்க, ஓட்டத்துக்கு முன்னால குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"ஏட்டி, வாயில்லா ஜீவன் கேக்குது. ஒரு துண்டுல என்ன வந்துரப் போவுது?" என்று சிரித்தார். "நீதான் மணி பாத்து மூச்சு விடுத. அதையும் உன்னய மாதிரி ஆக்கிராத."

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் நன்றாக எழுதிக்கொள்ள வேண்டும். கோபப்பட்டிருந்தால் நானும் அவசரக்காரியாக ஆகியிருப்பேன். நான் யோசித்துப் பார்த்தேன். அவரைத் திருத்த முடியாது, அது எனக்குக் கல்யாணத்தன்றே தெரிந்துவிட்டது. முத்துமாலையை வேறு எங்கேயாவது அனுப்பலாம் என்றால், அங்கே நேரத்துக்கு யார் வைப்பார்கள்? ஆக, இரண்டு பேரில் யார் இருப்பது என்பதுதான் கேள்வி. அப்படிக் கேட்டவுடன் பதில் வந்துவிட்டது. தோளிலிருந்து குடத்தை இறக்கி வைத்த மாதிரி அவ்வளவு லேசாக இருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் விளையாட்டு மாதிரிதான். ஒரு தகர டப்பாவில் கொள்ளைப் போட்டுக் குலுக்குவேன், ஓடி வந்தால் ஒரு பிடி கொடுப்பேன். ஓட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான், அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கொஞ்ச நாளிலேயே டப்பாச் சத்தம் கேட்டால் மேய்ச்சலை விட்டு, தண்ணீரை விட்டு, பறந்து வந்துவிடுவாள். மூலையில் ஒளிந்துகொண்டு குலுக்குவேன், கண்டுபிடித்துவிடுவாள். நானும் அவளும் கண்ணாமூச்சி விளையாடினோம். நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். கிங்ஸ்லிக்கும் ஒரே பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "நம்ம ஜெமி சர்க்கஸ்ல சேரப் போறா, டிக்கெட் எடுத்துக்கிடுங்க," என்பார்.

லாயத்துக்குப் பின்னால் வாய்க்கால் கரை திரும்புகிற இடத்தில் கல் மடை இருக்கிறதே, நீங்கள் பார்த்த இடம்தான். அங்கே வரும்போது அவர் கடிவாளத்தைத் தளர விட்டு, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு யாரிடமாவது பேசிக்கொண்டு வருவார். தலைக்கவசத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுவார், தான் போட்டுக்கொள்ள மாட்டார். அன்று காலை நான் வாழைத் தோட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் மேடை ஏறப்போகிற பிள்ளைக்கு இருக்குமே, அந்த மாதிரி ஒரு பரபரப்பு. குளம்புச் சத்தம் கேட்டது. டப்பாவைக் குலுக்கினேன்.

முத்துமாலை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஓட்டத்திலேயே திரும்பி, மடையைத் தாண்டிக் குதித்து, நேராக என்னிடம் வந்தாள். என்ன அழகு அது. அவர் மடைக்கல்லில் விழுந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் விழுந்தவுடன் நான் கத்திக்கொண்டு ஓடினேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். அதைக் கண்டுபிடித்தவர் ஹசன் அலி. ஆம்புலன்ஸ் கிளம்பிய கையோடு குதிரைக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வந்தவர், முதுகு காய்ந்திருக்கிறது, சேணம் கொக்கியில் தொங்குகிறது, தீனித் தொட்டி நக்கித் துடைத்தாற்போல இருக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறார். இவ்வளவுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? அவர் உங்களிடம் வந்து சொன்னதில் எனக்கு மனவருத்தம் இல்லை. என் வேலையைப் புரிந்துகொண்ட ஆள் அவர் ஒருவர்தான்.

ஆமாம், நான் உடனே அவரிடம் போகவில்லை. என் போன் இடுப்பிலேயே இருந்தது, ஆம்புலன்ஸையும் அப்போது கூப்பிடவில்லை. நீங்கள் இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். முத்துமாலை ஓடி வந்திருக்கிறாள், மேலெல்லாம் கொதிக்கிறது, வாயில் நுரை. டப்பாவைக் குலுக்கிக் கூப்பிட்டது நான், ஆனால் அந்த நிலையில் ஒரு பிடி கொள்ளுகூடக் கொடுக்க முடியாது. அவள் என் கையை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். கூப்பிட்டுவிட்டு ஏமாற்றுகிறோமே என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே வருத்தம். சேணத்தை இறக்கினேன். லாயத்தைச் சுற்றிப் பைய நடத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டினேன். உடம்பைத் துடைத்துவிட்டேன். பிறகு அவள் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஆகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் தென்னைக்கு மேலே ஏறிவிட்டது. எனக்குப் பாட்டு வந்தது, பாடினேன்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் முத்துமாலையுடையது. அதில் யாருக்கும் பங்கு கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

அவர் கூப்பிட்டாரா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கூப்பிட்டார். மடை பக்கம்தானே, நன்றாகவே கேட்டது. முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "பைய இருங்க, அதுக்கு இன்னும் மூச்சு அடங்கல," என்று நானும் சத்தமாகத்தான் பதில் சொன்னேன். அப்புறம் தண்ணீர் கேட்டார். அப்புறம் அவருடைய அம்மாவைக் கூப்பிட்டார். நான் கொள்ளைத் தொட்டியில் கொட்டி, முத்துமாலை வாய் வைத்த நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, தன் முறை வருகிற வரைக்கும் பொறுத்திருக்க இந்த மனுஷன் கற்றுக்கொண்டாரே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.