கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்

ரவாங்கிலிருந்து பத்தாங் காலி போகும் மாலை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ரப்பர்த் தோட்ட ஆபீசில் வேலை செய்யும் ஓர் இளைஞனும் அதே ஆபீசின் நடுத்தர வயது அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள்.

“கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்க்கா,” என்றான் அவன். “போன வாரம் எல்லாத்தையும் அழிச்சிட்டு டிஸ்க்குலேர்ந்து சிஸ்டத்தப் புதுசா ஏத்துனேன்ல? அன்னையிலேர்ந்து கொதிக்குது, தானா நின்னுடுது. நான்தான் கெடுத்துட்டேனாம். நாளைக்குச் சரியாகலன்னா என்னை ரப்பர் பால் நிறுக்கிற கொட்டாய்க்கே அனுப்பிடுவேன்னு மேனேஜர் சொல்றாரு.”

“ஃபேன் வெச்சுப் பாத்தியா?”

“வெச்சேன். எலுமிச்சம்பழம்கூட சுத்திப் போட்டேன்லா. மத்தியானத்துல மட்டும்தான் கொதிக்குது.”

அக்கா அவன் பக்கம் திரும்பினார்.

“கம்ப்யூட்டர் பெட்டி மேல வரிவரியா ஓட்டை இருக்கே, அது எதுக்கு?”

“சூடு வெளிய போறதுக்கு. ஏன்?”

“நீ டிஸ்க் ஏத்துன அன்னைக்கு வேலை முடியவே இல்ல. சோறு ஆறிடப் போகுதேன்னு பொட்டலத்த அது மேல வெச்சேன். நல்லா சுடச்சுட இருந்துச்சு. அதுலேர்ந்து தெனமும் அங்கதான் வெக்கிறேன்.”

இளைஞன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். “அக்கா! ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லக்கா!”

“மேனேஜர்கிட்ட நானே சொல்லிடறேன்டா,” என்றார் அக்கா. பிறகு உண்மையான கவலையோடு கேட்டார்: “அப்ப நாளைக்குச் சோத்த எங்க வெக்கிறது?”