தலை எண்ணிய காலை

ஓடுகிறோம். ஒழுங்கைப் பாதை முழுக்கப் புழுதி. முன்னால் என் மனைவி மங்கை. அவளின் இடுப்பில் சின்னவன். பக்கத்தில் மூத்தவன் ரவி. எனக்குப் பின்னால் ஒரு சின்னக் கை நான் கட்டியிருக்கிற சாரத்தைப் பிடித்திருக்கிறது. மகள் வாசுகியின் கை என்று நினைக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஐப்பசி மாதம். வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணி ஐந்து நிமிடம்.

தூரத்தில் ஷெல் அடிக்கிற குத்துச் சத்தம் கேட்கிறது. அரிசி மூட்டையைச் சீமெந்துத் தரையில் போட்டது போன்ற சத்தம். அதிலிருந்து எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டில் கூவும். பதினொன்றில் விழும். எங்கள் ஊருக்குப் பதினொன்று. பிள்ளைகளும் எண்ணப் பழகியிருந்தார்கள்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

முன்னால் ஓடிய ஒருவர் கத்துகிறார். படுத்தோம். பின்பக்கமாக விழுந்தது. எங்கள் வீட்டு வளவுப் பக்கம். மண் மழைபோல முதுகில் கொட்டியது. எழும்பினோம். மறுபடி ஓடினோம். சின்னக் கை மறுபடி சாரத்தைப் பிடித்தது.

இருபது நிமிடங்களுக்கு முன் நடந்ததை எழுத வேண்டும். நடந்தது அங்கேதான்.

வளவில் பதுங்கி இருக்கப் பங்கர் வெட்டியிருந்தேன். மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. ஐந்து இருபதிலிருந்து ஐந்து பேரும் உள்ளே இருந்தோம். பக்கத்து வளவில் தவமணி இருந்தா. புருசன் இல்லை. ஒரே மகள், நிலானி. அவர்களுக்குத் தனிப் பங்கர். இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி. வேலியில் ஒரு பொட்டு. வாசுகியும் நிலானியும் அதற்குள்ளால் நுழைந்து நுழைந்து அதைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் எட்டு வயது. ஒரே வகுப்பு. ஒரே உயரம். பேன் பிடித்துவிட்டது என்று அதற்கு முந்தின கிழமை மங்கை இரண்டு பேருக்கும் ஒன்றாகத் தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தாள்.

ஐந்து நாற்பத்தைந்துக்கு ஒன்று கிட்ட விழுந்தது. விளக்கு அணைந்தது. பங்கருக்குள் புழுதி நிரம்பியது. கண் தெரியவில்லை. காது அடைத்திருந்தது. கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தவமணி வேலிக்கு அந்தப் பக்கம் கத்தியதும் கேட்கவில்லை. பங்கர்க் குற்றி அவவின் காலின்மேல் விழுந்திருக்கிறது. வாசுகிக்குக் கேட்டிருக்கிறது. அவள் எழும்பிப் பொட்டுக்குள்ளால் அங்கே போனாள். நிலானி ஆள் கூப்பிட அதே பொட்டுக்குள்ளால் எங்களிடம் வந்தாள். வந்து இருந்தாள். அவளுக்குக் குரல் வரவில்லை.

இவையெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அப்போது தெரிந்தது சத்தம் ஓய்ந்தது மட்டும்தான். ஓய்ந்தால் ஓட வேண்டும்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. முதல் இடப்பெயர்வில் ரவி சனத்துக்குள் அரை நாள் காணாமல் போனான். அன்றிலிருந்து புறப்படும் முன் தலை எண்ணுவேன். இருட்டில் கையால் தொட்டு எண்ணுவேன். பெயர் கூப்பிட்டால் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். நேரம் போகும். எண்ணுவது கெதி.

கையை நீட்டினேன். மங்கை, ஒன்று. சின்னவன், இரண்டு. ரவி, மூன்று. ஒட்ட வெட்டிய தலை, நாலு. நான் ஐந்து.

"ஐஞ்சு. சரி. ஓடுங்கோ!"

அதை நான்தான் சொன்னேன்.

ஆறு பன்னிரண்டுக்கு மதகடிக்கு வந்தோம். வெளிச்சம் வந்துவிட்டது. அப்போதுதான் திரும்பினேன். சாரத்தைப் பிடித்திருந்தது நிலானி. வாசுகி எங்கே என்று கேட்டேன். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கையை நீட்டி வந்த வழியைக் காட்டினாள்.

திரும்பி ஓடினேன். ஓடும்போது மூன்று முறை குத்துச் சத்தம். மூன்று முறையும் பதினொன்று வரை எண்ணினேன். மூன்று முறையும் படுத்தேன். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மகளைத் தேடிப் போகிறவன் மூன்று முறை படுத்தான்.

எங்கள் பங்கருக்குள் ஒருவரும் இல்லை. தவமணியின் வளவில் பங்கர் இருந்த இடம் நிலத்தோடு நிலமாக இருந்தது. நானும் வழியில் வந்த ஒருவரும் மண்வெட்டியால் வெட்டினோம். தவமணியை எடுத்தோம். உயிர் இல்லை. வாசுகியை எடுக்கவில்லை. மறுபடி வெட்டினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. அதை அப்படியே எழுதுகிறேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏழரைக்கு அந்த மனிதர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். பதிகிறவர் மேசை போட்டு இருந்தார். எங்கள் குடும்ப அட்டையில் ஐந்து பெயர். அவர் நிமிர்ந்து பென்சிலால் எங்களை எண்ணினார். ஐந்து. பிறகு பெயர்களை வாசித்தார். வாசுகி என்றார். மங்கை நிலானியின் கையைப் பிடித்து உயர்த்தினாள். ஆள் இல்லாத பிள்ளைகளை வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். அவர் சரி போட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நிலானியின் கை அன்று முழுக்கக் கீழே வரவில்லை என்று மங்கை ஒருமுறை சொன்னாள். அப்படி இருக்காது. ஆனால் எனக்கும் அப்படித்தான் ஞாபகம்.

இப்போது ஒஸ்லோவில் இருக்கிறோம். நான் முன்னால் வந்தேன். பிறகு நாலு பேரையும் கூப்பிட்டேன். அட்டையில் இருந்த அதே நாலு பெயர். கேள்வி கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் பார்த்தார்கள். நாலும் சரி என்றார்கள். வெளியே நிலானிக்குப் பெயர் வாசுகி. பள்ளிக்கூடத்தில் வாசுகி. டாக்டரிடம் வாசுகி. வீட்டில் நாங்கள் இரண்டு பெயரையும் சொல்வதில்லை. பிள்ளை என்போம். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளை.

குளிர்காலத்தில் கூரையிலிருந்து பனி சரிந்து விழும். அரிசி மூட்டை போட்ட சத்தம். நான் பதினொன்று வரை எண்ணுவேன். ஒன்றும் விழாது. பிறகு பஸ்ஸுக்குப் போவேன்.

எனக்கு நகரத்துக்குள் பழைய கல்லுக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை. மேல்மாடியில் காட்சிக்கூடம். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு குளிர்காலம் அங்கே புதிய காட்சி ஒன்று வைத்தார்கள். முன்னூறு ஆண்டுகளுக்கும் முன்னால் அரசன் இந்த நாட்டுச் சனத்தை எப்படி எண்ணி எழுதினான் என்பது பற்றி. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பட்டியல்கள். பிள்ளை பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தாள். சனிக்கிழமைகளில் அங்கே வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆள் தேடினார்கள். நான்தான் அவளுக்குச் சொன்னேன். அவள் கூட்டத்துக்குச் சொல்லுவாள். நான் பின்னால் தரை துடைப்பேன். நொர்வேஜிய மொழியில் பாதி விளங்கும். மீதியைச் சாப்பாட்டு நேரத்தில் வாங்கிலில் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லுவாள்.

அப்போது இந்த நாட்டையும் ஆண்ட டென்மார்க் அரசன் தூரத்தில், கொப்பன்ஹேகனில் இருந்தான். ஒரு பள்ளத்தாக்கில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்குச் சண்டைக்கு ஆள் வேண்டும். வரி வேண்டும். அதனால் பாதிரியை எழுதச் சொன்னான். வரி அறவிடும் அதிகாரியையும் தனியாக எழுதச் சொன்னான். ஒருவரின் பொய்யை மற்றவரின் பட்டியல் காட்டிக்கொடுக்கும். சில பண்ணைகளைச் சேர்த்து ஒரு கட்டாக்கினான். ஒரு கட்டுக்கு ஒரு சிப்பாய். எந்த வீட்டுப் பிள்ளை என்று அந்த வீடுகள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய சனம் அதற்குப் பிறகு எப்படி முகம் பார்த்திருக்கும் என்று யோசித்தேன். எங்கள் பக்கத்திலும் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்ட காலம் இருந்தது. அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

பட்டியலில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் மட்டும். பண்ணையை நடத்துகிற விதவை என்றால் எழுதுவார்கள். மற்றப் பெண்கள் இல்லை. "உங்களை அரசன் எழுதியிருப்பான் அப்பா. அம்மாவை எழுதான். அம்மா விட்டிருப்பாவே? பாதிரியின்ர பேனையைப் பறிச்சிருப்பா" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

இன்னொரு பெட்டியில் தேவாலயத்தின் சாவுப் புத்தகம். அதில் ஒரு வரி. ஒரு சிப்பாயின் பிள்ளை புதைக்கப்பட்டது. பெயர் இல்லை. அந்தப் பெட்டியை நான் எப்போதும் கடைசியாகத் துடைத்தேன். எழுதத் தெரிந்த பாதிரி. மை இருந்தது. இடமும் இருந்தது.

தை மாதம் பிள்ளைக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை பேர்கனில் ஆஸ்பத்திரி வேலை. கோடையில் கலியாணப் பதிவு எழுத்து. எழுத்துக்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். முழுப்பெயர். தாயின் பெயர். அந்தப் படிவம் எங்கள் சாப்பாட்டு மேசையில் மூன்று கிழமை கிடந்தது. மங்கை அதைத் தூக்கி மேசையைத் துடைத்துவிட்டு மறுபடி வைப்பாள். ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை. பன்னிரண்டே கால். பட்டியல் பெட்டிக்கு முன்னால் பதினைந்து பேர் அளவில் நிற்கிறார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் கேட்கிறா, இதில் ஒருவரும் விடுபடவில்லை என்று அரசனுக்கு எப்படித் தெரியும் என்று. பிள்ளை தாளின் அடியைக் காட்டுகிறாள். கீழே ஒரு தொகை இருக்கிறது என்கிறாள். அரசன் அதைத்தான் பார்ப்பான். முகம் அவனுக்குத் தெரியாது. தொகை சரியாக இருந்தால்…

நிறுத்தினாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. மதகடியில் நின்ற அதே முகம். கூட்டம் காத்திருந்தது. நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனாள்.

வாங்கிலில் சோற்றுப் பெட்டியைத் திறக்கவில்லை. அவள்தான் முதலில் கதைத்தாள்.

"அப்பா, நீங்கள் அண்டைக்கு என்ர தலையைத் தொட்டனீங்கள். நான் அவள் இல்லை எண்டு சொல்லியிருக்கலாம். அம்மாவின்ர கால் மாட்டுப்பட்டுப் போச்சு எண்டு சொல்லத்தான் வந்தனான். சொல்லயில்லை."

பன்னிரண்டு ஆண்டு அவள் அதை வைத்திருந்தாள். என்னுடையதை நான் வைத்திருந்தேன். ஒரே வீட்டில்.

"நீ சின்னப்பிள்ளை. நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேணும்" என்றேன்.

அவள் சோற்றுப் பெட்டியைத் தள்ளி வைத்தாள். பிறகு படிவத்தைப் பற்றிச் சொன்னாள். தாயின் பெயர் என்ற இடத்தில் தவமணி என்று எழுத வேண்டும். மணப்பெண் என்ற இடத்தில் செத்தவளின் பெயரை எழுதிக் கலியாணம் கட்ட ஏலாது. "அவளுக்கு ஒரு சாவாவது வேணும் அப்பா" என்றாள்.

எனக்குப் பயம் வந்தது. பொய் சொல்லி வந்தவர்கள் என்று எங்களைத் திருப்பி அனுப்பலாம். ஐந்து பேரின் இருப்பும் அந்தப் பட்டியலில்தான் நிற்கிறது. ரவிக்கு இங்கே வேலை. சின்னவன் பள்ளிக்கூடம். பிள்ளை கடுதாசியில் என் மகள் இல்லை என்று ஆகும். பிள்ளை கேட்டதை மங்கையிடம் சொன்னபோது அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவளைச் செத்தவள் எண்டு எழுதிப்போட்டு வந்து என்னட்டைச் சோறு கேளாதேங்கோ."

இரண்டு நாள் சமைத்தாள். பரிமாறவில்லை. மூன்றாம் நாள் காலை, நான் சப்பாத்துப் போடும்போது, அவளும் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. பிள்ளை குனிந்து சரியாகப் பூட்டிவிட்டாள்.

குடிவரவு அலுவலகம். பங்குனி மாதம். செவ்வாய்க்கிழமை. ஒன்பது நாற்பதுக்கு எங்கள் இலக்கம் வந்தது. அங்கே இலக்கம் மாறும்போது மணி அடிக்கும். சின்ன மணி. மூன்று பேரும் உள்ளே போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இளம் பெண் ஒருவர். நான் ஒரு வசனம் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். எங்கள் பட்டியலில் பிழை இருக்கிறது. பிழை என்னுடையது. அதைச் சொன்னேன்.

அவர் கணினியைப் பார்த்தார். உங்கள் குடும்பத்தில் ஐந்து பேர்தானே என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லலாம். தொகை சரி. எனக்கு வாய் அப்படித்தான் போனது. நிறுத்தினேன். என் பெயரைச் சொன்னேன். ரவியின் பெயரைச் சொன்னேன். சின்னவனின் பெயரைச் சொன்னேன். மங்கையின் பெயரைச் சொன்னேன். பிள்ளையின் தோளில் கையை வைத்தேன்.

"நிலானி" என்றேன்.

அவளுக்கு முன்னால் நான் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல்முறை. மதகடிக்குப் பிறகு முதல்முறை.

அந்தப் பெண், அப்படியானால் வாசுகி யார் என்று கேட்டார். எனக்குப் பதில் இருந்தது. குரல் வரவில்லை. மங்கைதான் சொன்னாள். தமிழில் சொன்னாள். நிலானி மொழிபெயர்த்தாள்.

"என்ர மகள். எட்டு வயசு. வெள்ளிக்கிழமை காலமை செத்துப்போனா. வடிவா எழுதச் சொல்லு."

அவர் எழுதினார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எழுதினார். விசைகளின் சத்தம் மட்டும். கூரையில் பனி சரிந்தது. எண்ணவில்லை.

முடிவு இன்னும் வரவில்லை. கடிதம் வரும் என்றார்கள். நல்ல கடிதமா கெட்ட கடிதமா தெரியாது. கலியாணத்தைத் தள்ளிவைத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டுக்கும் எல்லாம் சொல்லியாயிற்று. அவர்கள் காத்திருக்கிறோம் என்றார்கள். மங்கை சோறு பரிமாறுகிறாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. எழுதிப் பழக்கமில்லை. ஆனால் பட்டியல் எப்படி எழுதுகிறார்கள் என்று தரை துடைத்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை காலை, ஐந்து இருபதுக்கும் ஏழரைக்கும் இடையில், இரண்டு வளவுகளில் இழந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

வீடு இரண்டு. கிணறு ஒன்று, மண் மூடியது. ஆடு மூன்று. தையல் மெசின் ஒன்று, தவமணியுடையது. வேலி. வேலியில் ஒரு பொட்டு.

தவமணி. வயது முப்பத்தொன்று. நிலானியின் தாய்.

வாசுகி. வயது எட்டு. என் மகள். தவமணியின் காலை எடுத்துவிடப் போனவள்.

இந்த முறை பெயர் சொல்லி எண்ணினேன்.