ஐந்து மணிக்குப் பூட்டுகிற ஊர்

— பொய் எண்டால் எவ்வளவு பொய்? முழுப் பொய்யோ, அரைப் பொய்யோ?

— அரைப் பொய் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான், ரீச்சர். உங்களுக்கு முன்னாலை இருந்து யோசிக்க, முக்கால் வரும்போலை கிடக்கு.

— உங்கட தங்கச்சி அன்னபூரணம் எங்கட அண்ணையிட்டை என்ன சொன்னவ தெரியுமோ? 'எங்கட வேதநாதன் அண்ணை கனடாவிலை பதினொரு வருசமாப் பள்ளிக்கூட வாத்தியார்' எண்டு. அதைக் கேட்டுத்தான் அண்ணை இந்தக் கலியாணப் பேச்சை எடுத்து, 'சாட்டிக் கடற்கரைக்குப் போவம், ரெண்டு பேரும் ஒருக்கால் இருந்து கதைச்சுப் பாருங்கோ' எண்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர். இப்ப அவையள் ரெண்டு பேரும் அந்தக் கொட்டிலுக்குள்ளை சோத்துப் பார்சலைப் பிரிக்கிற மாதிரி எங்களைப் பாத்துக்கொண்டிருக்கினம். நீங்கள் வாத்தியாரோ, இல்லையோ?

— பள்ளிக்கூடத்திலை நிண்டு படிப்பிச்சனான். அது உண்மை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமில்லை.

— விளங்கேல்லை.

— அது இருக்கிற ஊரும் ஊரில்லை, ரீச்சர். விடிய ஒன்பதரைக்குத் திறந்து பின்னேரம் ஐஞ்சு மணிக்குப் பூட்டுற ஊர்.

— இருபத்திநாலு வருசமாப் பிள்ளையளின்ர சாட்டுக் கேட்டுப் பழகின ஆள் நான். சுத்தாமல் நேராச் சொல்லுங்கோ.

— சரி, நேராச் சொல்லுறன். ரொறொன்ரோவிலை இருந்து ஒண்டரை மணித்தியாலம் காரிலை போனால் ஒரு பழைய கிராமம் இருக்கு. பழைய கிராமம் எண்டால், பாக்கிறதுக்கெண்டு கட்டி வைச்ச கிராமம். நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி அங்கத்தைச் சனம் எப்பிடி இருந்தது எண்டு காட்டுறதுக்கு, அங்கையும் இங்கையும் இடிக்க இருந்த வீடுகளைக் கழட்டிக் கொண்டந்து ஒரு இடத்திலை வைச்சிருக்கினம்.

— வீட்டைக் கழட்டுறதோ?

— ஓம். எல்லாம் மரக்குத்தியாலை கட்டின வீடுகள். ஒவ்வொரு குத்திக்கும் இலக்கம் எழுதி, லொறியிலை ஏத்தி, கொண்டந்து அதே ஒழுங்கிலை அடுக்குறது. குத்திக்கும் குத்திக்கும் இடையிலை சாந்து அப்புறது, குளிர் பூராமல். ஒரு வீட்டுக்கு ஒரு அறைதான். அதுக்குள்ளையே குசினி, கட்டில், தறி, எட்டுப் பத்துப் பிள்ளையள். பிள்ளையள் ஏணியிலை ஏறிப் பரணிலை படுக்கிறது. அடுப்புச் சூடு மேலைதானே போகும்.

— கெட்டிக்காரச் சனம்.

— பட்டினி கிடந்து பழகின சனம், ரீச்சர். மாரி வர முந்திக் கிழங்கு, கரட், கோவா எல்லாத்தையும் நிலவறைக்குள்ளை இறக்கி வைச்சால்தான் பங்குனி மட்டும் உயிர் கிடக்கும். பேந்து ஒரு கொல்லன் பட்டறை இருக்கு. தண்ணியிலை சுத்துற மா அரைக்கிற ஆலை, ஒரு சின்ன மரச் சேர்ச், ஒரு கடை. அந்தக் கடைக்குள்ளை லாம்பெண்ணெயிலை இருந்து சவப்பெட்டிக் கைபிடி மட்டும் எல்லாம் தொங்கும். ஊருக்கு ஒரே கடை. கடிதம் எடுக்கிறதும் அங்கைதான், கலியாணம் பேசுறதும் அங்கைதான்.

— இப்ப அதுக்குள்ளை ஆர் இருக்கிறது?

— ஒருத்தருமில்லை. வேலைக்கு வாறவை அந்தக் காலத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு பாண் சுடுவினம், செம்மறி மயிரிலை நூல் நூற்பினம், குதிரைக்கு லாடம் அடிப்பினம். சனம் வந்து பாக்கும். ஐஞ்சு மணிக்கு மணி அடிச்சால் கொல்லனும் பாதிரியாரும் உடுப்பை மாத்திப்போட்டுக் காரிலை ஏறிப் போயிடுவினம்.

— அப்ப நீங்கள் அங்கை வாத்தியார் வேசம்.

— அது பேந்துதான். முதல் ஏழு வருசம் எனக்கு ஒரு வேசமும் இல்லை. துடைக்கிற வேலை. கூட்டுறது, விறகு பிளக்கிறது, பனி தள்ளுறது, கட்டிடம் கட்டிடமாப் போய் விறகடுப்பு மூட்டுறது. பதினாலு அடுப்பு. விடிய ஆறரைக்குப் போனால்தான் சனம் வர முந்திச் சூடு ஏறும். என்ர மனிசி செத்த புதிசு, ரீச்சர். வீட்டிலை இருக்கேலாமல் கிடந்தது. பதினாலு அடுப்பு ஒருத்தனை நம்பி இருக்குதெண்டால், எழும்பிப் போகத்தானே வேணும்.

— இதை ஏன் உங்கட தங்கச்சி மறைச்சவ?

— அவள் மறைக்கேல்லை. நான்தான் அவளுக்குச் சொல்லேல்லை. கோட் போட்டு, கரும்பலகைக்கு முன்னாலை நிக்கிற படத்தை மட்டும் அனுப்பினனான். அவள் அதைக் கொண்டு திரிஞ்சு எங்கட ஊர் நாரந்தனை முழுக்கக் காட்டிப்போட்டாள்.

— சரி. விறகு பிளந்தவருக்குக் கோட் எப்பிடி வந்தது?

— அது ஒரு மாசி மாசம். அங்கை பள்ளிக்கூட ரீச்சரா வேசம் போடுறது ஒரு வெள்ளைக்கார மனிசி. ரேடியோவிலை பனிப்புயல் வருதெண்டு சொல்ல, மத்தியானத்தோட அவ வீட்டை போயிட்டா. மற்றவையும் ஒவ்வொருத்தராப் போயிட்டினம். நானும் அடுப்புகளை அணைச்சுக்கொண்டு வாறன், ஒரு பஸ் வந்து நிக்குது. இருபத்தாறு பிள்ளையள். எட்டு வயசு, ஒன்பது வயசு. கூட்டியந்தது ஒரு இளம் ரீச்சர். முதலே சொல்லி வைச்ச பயணமாம், அரை மணித்தியாலம் பாத்திட்டுப் போறமெண்டா. அந்த அரை மணித்தியாலத்துக்குள்ளை எல்லாம் மூடிட்டுது. ரோட்டு எது, வயல் எது எண்டு தெரியேல்லை. பஸ்ஸை அசைக்கேலாது. ரெண்டரைக்குக் கரண்டும் போச்சு.

— கரண்ட் போனால் ஹீற்றரும் இல்லை.

— இல்லை. வாசலிலை இருக்கிற புதுக் கட்டிடம், முழுக்கக் கண்ணாடி. கொஞ்ச நேரத்திலை ஐஸ்பெட்டி மாதிரி வந்திட்டுது. நான் அணைக்காமல் விட்டது ஒரே ஒரு அடுப்புத்தான். பள்ளிக்கூடத்து அடுப்பு.

— அங்கை கொண்டுபோனீங்கள்.

— ஒரு நீட்டுக் கயிறு எடுத்தன். எல்லாப் பிள்ளையளும் ஒரு கையாலை அதைப் பிடிக்க, முன்னுக்கு நான், பின்னுக்கு அந்த ரீச்சர். நூறு யார் தூரம்தான். ஆனால் நீட்டின கை எனக்கே தெரியேல்லை. வாசலிலை வைச்சு ஒவ்வொண்டா எண்ணினன். இருபத்தாறு. திருப்பியும் எண்ணினன். உள்ளை ஒரு அறை, நாலு பக்கமும் மரம், வாங்கு, கரும்பலகை, ஒரு வாளித் தண்ணி, எல்லாருக்கும் ஒரே அகப்பை. கொஞ்ச நேரத்தாலை ஒரு பிள்ளை அழத் துவங்க, பக்கத்துப் பிள்ளை அழ, முழு வகுப்பும் அழத் துவங்கிட்டுது. அந்த ரீச்சருக்கும் கண் கலங்கிப்போச்சு. பாவம், இருபத்தைஞ்சு வயசு வராது.

— நீங்கள்?

— எனக்கும் பயம்தான். என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. ஆணியிலை, காட்சிக்கெண்டு, அந்தக் காலத்து வாத்தியாரின்ர கறுப்புக் கோட் தொங்கினது. எடுத்துப் போட்டன். மேசையிலை கைமணி. எடுத்து அடிச்சன். 'எழும்புங்கோ' எண்டன்.

— இங்கிலீசிலை.

— இங்கிலீசிலைதான். ஆனால் குரல் எங்கட ஊர் வாத்திமாரின்ர குரல். இருபத்தாறும் எழும்பிட்டுது. கூட்டியந்த ரீச்சரும் எழும்பிட்டா.

— சிரிக்கப் பண்ணாதேங்கோ. அண்ணை பாக்கிறார்.

— பேந்து ஏழாம் வாய்ப்பாடு. சத்தமா, இழுத்து இழுத்து, அடுப்பைச் சுத்தி நடந்து. நடந்தால்தானே கால் விறைக்காது. வாய்ப்பாடு முடிய, ஆளுக்கொரு சிலேட்டைக் குடுத்து எழுத விட்டன். பசி வந்திட்டுது. நிலவறையிலை காட்சிக்கு வைச்ச கிழங்கு இருந்தது. காட்சிச் சாமானிலை கை வைச்சால் வேலை போகும். போனால் போகட்டுமெண்டு ஒரு கடகம் நிறைய அள்ளிக்கொண்டந்து தணலுக்குள்ளை போட்டன். உப்புமில்லை. அதுகள் தோலோட திண்டுதுகள்.

— பிள்ளையளுக்கு நீங்கள் ஆரெண்டு தெரியுமோ?

— அதுதான் பகிடி. அதுகள் என்னை உண்மையாவே அந்தக் காலத்து ஆள் எண்டு நினைச்சிட்டுதுகள். தண்ணி எங்கை எடுப்பியள், கார் இல்லாமல் எப்பிடிப் போவியள் எண்டு கேள்வி. நான் எங்கட ஊரைச் சொன்னன். கிணறு, துலா, லாம்பு, கட்டுமரம். எல்லாம் சரியாப் பொருந்திச்சுது. அப்ப ஒரு சின்னப் பெட்டை, முன்பல்லு ரெண்டும் இல்லை, கையை உயத்தினாள். மரியாதையாக் கேட்டாள், 'ஐயா, நீங்கள் எப்ப செத்தனீங்கள்?' எண்டு.

— கடவுளே. என்ன சொன்னீங்கள்?

— 'இன்னும் இல்லை' எண்டன். சொல்லிப்போட்டு எனக்கே ஒரு மாதிரிப் போச்சு. மனிசி போய் ஏழு வருசமா நான் என்னை உயிரோட இருக்கிற ஆள் எண்டு நினைக்கேல்லை, ரீச்சர். ஒரு பல்லில்லாத பெட்டை கேட்டாப்பிறகுதான் ஓமெண்டு பட்டுது. பேந்து எல்லாரும் சிரிச்சம். ஆறு மணிக்குப் பனி தள்ளுற மெசின் வந்தது. தாய் தேப்பன்மார் பின்னாலை வந்தினம். அதுகள் போகமாட்டம் எண்டு நிண்டுதுகள். அடுத்த கிழமை மனேச்சர் கூப்பிட்டார். கிழங்குக்குத்தான் கூப்பிடுறார் எண்டு போனனான். கோட்டை எடுத்துக் கையிலை தந்தார்.

— அண்டையிலை இருந்து வாத்தியார்.

— ஓம். பதினொரு வருசம். ஆனால் ஒண்டு, ரீச்சர். ஒவ்வொரு நாளும் புதுப் பிள்ளையள். நாப்பது நிமிசம். இண்டைக்கு வந்தது நாளைக்கு வராது. ஏழாம் வாய்ப்பாடு சொன்ன பிள்ளை எட்டாம் வாய்ப்பாடு சொல்லி நான் ஒருநாளும் கேக்கேல்லை. அதாலைதான் முக்கால் பொய் எண்டனான். இனி உங்கட விருப்பம். எழும்பிப் போனாலும் நான் கோவிக்க மாட்டன்.

— நான் எழும்பிப் போகத்தான் வந்தனான்.

— அப்பிடியோ.

— நீங்கள் வாய் திறக்க முந்தியே முடிவெடுத்துக்கொண்டு வந்தனான். அண்ணையின்ர மனம் நோகக்கூடாதெண்டுதான் வந்து இருந்தது. உங்கட பொய்யிலை ஒண்டுமில்லை. எங்கட அண்ணையும் பொய்தானே சொன்னவர். என்னைப் பற்றி என்ன சொன்னவர்?

— பெரிய பள்ளிக்கூடத்து அதிபர் எண்டு.

— அதிபர் எண்டது சரி. பெரிய எண்டதுதான் பொய். பத்து வகுப்பறை இருக்கு, எட்டுப் பூட்டிக் கிடக்கு. ஒண்டிலை உடைஞ்ச கதிரை. மிச்சம் ஒண்டிலை பதின்மூண்டு பிள்ளையள். முதலாம் வகுப்பிலை ரெண்டு, ரெண்டாம் வகுப்பிலை மூண்டு, மூண்டாம் வகுப்பிலை நாலு, நாலாம் வகுப்பிலை ஒரே ஒரு பெட்டை, ஐஞ்சிலை மூண்டு. மற்றச் சனமெல்லாம் உங்கட பக்கம் வந்திட்டுது. மற்ற ரீச்சரும் போன வருசம் மாற்றம் எடுத்துக்கொண்டு போயிட்டா. ஐஞ்சு வகுப்பையும் நான் ஒருத்திதான் வைச்சிருக்கிறன். கூட்டுறதும் நான்தான், மணி அடிக்கிறதும் நான்தான். நீங்கள் சொல்லச் சொல்ல நான் வேற ஒண்டையும் நினைக்கேல்லை. என்ர வகுப்பறையைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்.

— நாங்கள் வேசம் போட்டுக் காட்டுறதை, நீங்கள் இஞ்சை...

— வேசம் போட நேரமில்லை. கேளுங்கோ. நான் கனடாவுக்கு வந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தை இழுத்துப் பூட்டிப்போடுவினம். அதுகள் ரெண்டு பஸ் மாறி வேற இடத்துக்குப் போகவேணும். நாலு பிள்ளையள் போகும், ஒன்பது போகாது. எது எது போகாதெண்டும் எனக்குத் தெரியும். அதுதான் இல்லை எண்டு சொல்ல வந்தனான். உங்களிலை ஒரு குறையுமில்லை. உண்மையைச் சொன்னால், விடிய வரேக்கை சொல்லச் சுகமா இருந்தது, இப்ப கஷ்டமாக் கிடக்கு.

— நேராச் சொன்னது நல்லது, ரீச்சர்.

— அங்கை அவையள் கை காட்டினம். சோறு ஆறுதாம். வாங்கோ. அண்ணையிட்டை நானே பக்குவமாச் சொல்லுறன், நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம்.

— கொஞ்சம் இரும். நான் இன்னொரு பொய்யும் சொன்னனான்.

— இன்னொண்டோ? ஆருக்கு?

— தங்கச்சிக்குத்தான். வைகாசியிலை திரும்பிப் போறன், பொம்பிளையை அடுத்த வருசம் கூப்பிடுவன் எண்டு. உண்மையைச் சொன்னால், கனடாவை விட்டிட்டு வந்தவனுக்கு ஆர் பொம்பிளை தருவினம் எண்டு அவள் தலையிலை அடிச்சிருப்பாள்.

— விட்டிட்டு வந்ததோ? எனக்கு விளங்கேல்லை.

— கோட்டைக் கழட்டிக் குடுத்து, இருந்த வீட்டையும் குடுத்திட்டுத்தான் பிளேன் ஏறினனான். உம்மைக் கூட்டிக்கொண்டு போறதுக்கு எனக்கு அங்கை ஒண்டுமே இல்லை, பவதாரணி.