பன்றிக்குப் போட்ட கம்பி

இந்த வருஷம் எங்கள் கொல்லை நிலத்தில் வேர்க்கடலை நன்றாகக் காய்த்தது, ஐயா. சேரப்பணஞ்சேரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பங்குனியிலேயே பிடுங்கி, உலர்த்தி, மூட்டைகளை வாலாஜாபாத்துக்கு அனுப்பியாயிற்று.

என் வக்கீல் நரசிம்மன் நேற்று ஜெயிலுக்கு வந்தார். நல்ல மனிதர். "பெரியவரே, பன்னிக்குக் கரண்ட் கம்பி போட்டேன், பொண்ணு தெரியாம கால் வெச்சிட்டான்னு மட்டும் ஜட்ஜாண்ட சொல்லுங்க. உயிர் போச்சுதான், ஆனா கொலைன்னு ஆவாது. மரணம் விளைவிச்ச குத்தத்தோட நிக்கும். கொல்லணும்னு நெனச்சேன்னு வாயத் தொறந்தீங்க, முந்நூத்தி ரெண்டு. தூக்குதான்" என்றார்.

அப்படியே உங்களிடம் சொல்லியிருப்பேன். ஆனால் சம்பவம் நடந்த அன்று இன்ஸ்பெக்டர் கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊரார் முன்னால் கேட்டார்: "இன்னா பெரியவரே, ஒரு செடி இல்லியே. பன்னி இன்னாத்த துன்ன வருது, மண்ணையா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். வெறும் கொல்லைக்குக் காவல் போட்ட மடையன் என்று இந்தத் தாண்டவராயனைப் பற்றி ஊர் பேசக் கூடாது. ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கம்பி பன்றிக்கு அல்ல. சாம்ராஜுக்கு.

சாம்ராஜ் கம்பெனியில் வேலை பார்ப்பவன். நைட் ஷிப்ட் முடிந்து, விடிகிற நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, என் கொல்லைக்குக் குறுக்கே நடப்பான். என் மகள் கலைமணி அந்த நேரத்துக்குத்தான் குடத்தோடு கிணற்றடிக்குப் போவாள். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்தது.

அவன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். அதோடு காலில் கம்பெனி பூட்ஸ். எங்கள் குடும்பத்தில் செருப்புக் காலோடு நிலத்தில் இறங்குவது கிடையாது. வரப்பிலேயே கழற்றி வைத்துவிடுவோம். கலைமணி நடை பழகியபோதே இதையும் பழகினாள்.

ஒரு நாள் அவனை நிறுத்தி, "ஷூவக் கழட்டுடா" என்றேன்.

"நாளைக்கு இத்த கம்பெனிக்குத்தான் விக்கப் போறீங்க. அப்போ லாரியே ஏறும், மாமா" என்று சிரித்தான்.

மாமா என்றான். ஆத்திரத்தில் கை ஓங்குகிற ஆள் நான் அல்ல. வீட்டுக்கு வந்து குளித்தேன், சாப்பிட்டேன். அடுத்த வாரம் ஸ்ரீபெரும்புதூர் போய்க் கம்பி வாங்கினேன்.

அன்று விடியலில் மோட்டார் கொட்டகையில் காத்திருந்தேன். அவன் கொல்லையில் இறங்கியதும் சுவிட்சைப் போட்டேன். கம்பி காலில் பட்டுத் தூக்கி எறியப்பட்டான், ஆனால் சாகவில்லை. பூட்ஸின் தடித்த ரப்பர் காப்பாற்றிவிட்டது. எழுந்திருக்கும்போது இன்னொரு முறை படும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் போட்ட சத்தம் கேட்டுக் கலைமணி குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "வராத கலை, கம்பி கீது, வராத" என்று கத்தினான். அவள் காதில் விழுந்ததோ என்னவோ.

அவனுக்கு நான் நினைத்தது கொலை. ஒப்புக்கொள்கிறேன். அவன் உயிரோடு இருக்கிறான். என் மகளுக்கு நடந்தது விபத்து. இரண்டையும் பிரித்து எழுதுங்கள். ஒருவனுக்கு வைத்தது இன்னொருவரைக் கொன்றாலும் சட்டத்தில் கொலைதான் என்கிறார் நரசிம்மன். பெற்றவனுக்குமா அந்தச் சட்டம்?

சுவிட்சை ஏன் அணைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். கை அதன் மேல்தான் இருந்தது. அணைத்தால் அவன் எழுந்து நடந்துவிடுவான். அதோடு, நேரமும் இல்லை ஐயா. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒன்றை மட்டும் ஊருக்குத் தெரியும்படி எழுதுங்கள். என் மகள் கடைசி வரைக்கும் குடும்ப வழக்கத்தை மீறவில்லை. கொட்டகை வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் வரப்பில் நின்றாள். அவளுடையது வார் வைத்த செருப்பு, கையால்தான் அவிழ்க்க வேண்டும். குனிந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். ஜோடியாக ஓரத்தில் வைத்தாள். நிமிர்ந்து மறுபடியும் என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் இறங்கினாள்.